வித்தாகும் கட்டளையின் மூலம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மழை ஓய்ந்ததும் கால்வாய்களிலும் காலி மனைகளிலும் தேங்கும் நீரில் பெருகும் கொசுப்புழுக்களை அழிப்பதற்கு இந்தியாவில் ஏற்கப்பட்டுள்ள மருந்துகளுள் ஒன்று, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் மண் பாக்டீரியத்திலிருந்து கிடைப்பது, பி.டி.ஐ. என்பது அதன் சுருக்கம். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் கண்டறியப்பட்ட இவ்வுயிரியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நிறுவிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பி17 என்ற வகையைத் தேர்ந்து உற்பத்தி முறையையும் வகுத்தது.

புழுவைக் கொல்வது பாக்டீரியம் அன்று, அதனுள் உருவாகும் புரதப் படிகம். அப்படிகமோ பாக்டீரியம் செழித்து வளரும்போது தோன்றாமல், உணவு தீர்ந்து அது வித்தாக மாறும்போது மட்டுமே தோன்றுகிறது. வித்து என்பது வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கிப் பல்லாண்டு உறங்கக்கூடிய, ஸ்போர் எனப்படும் தடித்த உறையுள்ள நிலை. எனவே படிகத்தின் மூலத்தைத் தேடுவது, வித்தாகும்படி பாக்டீரியத்துக்குக் கட்டளையிடுவது எது என்ற தேடலாகவே முடிகிறது.

அத்தேடல் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற உறவினத்தின் வழியே நடந்தது. பெர்டினாண்ட் கோன் 1876இல் அதன் வெப்பம் தாங்கும் வித்துகளை விவரித்திருந்தாலும், மரபணு ஆய்வுக்கு வழி திறந்தது, 1947இல் யேல் பல்கலைக்கழகத்தில் பர்க்ஹோல்டரும் கைல்ஸும் கதிர்வீச்சால் பெற்ற, டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைத் தானே ஆக்க இயலாத 168 என்னும் வகையே. அது வெளியிலிருந்து டி.என்.ஏ.வை எளிதில் ஏற்கும் என்று 1958இல் ஸ்பிசைசன் காட்டியபின், வித்தாக முடியாத பிறழ்வுகளைச் சேர்த்து, மாற்றம் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று பிரித்தறிய முடிந்தது. ஒரு குறையுயிரி இத்துறைக்கே அடித்தளமானது வியக்கத்தக்கது.

கட்டளை ஒரே இடத்தில் பிறப்பதில்லை. பட்டினியை உணரும் புரதங்கள் ஒரு பாஸ்பேட் தொகுதியைக் கைமாற்றிக் கைமாற்றி இறுதியில் ஸ்போ-0-ஏ என்ற புரதத்திடம் சேர்ப்பதை ஜேம்ஸ் ஹோக் குழு 1991இல் விளக்கியது. அப்புரதம் போதிய அளவு கிளர்ந்ததும் செல் சமமின்றிப் பிரிந்து, சிறு பகுதி வருங்கால வித்தாகவும் பெரும் பகுதி அதைப் பேணும் தாய்ச்செல்லாகவும் ஆகின்றன. அதன்பின் ஆட்சி சிக்மா காரணிகளிடம் செல்கிறது. மரபணுவைப் படியெடுக்கும் நொதியுடன் இணைந்து எம்மரபணுவைப் படிக்க வேண்டும் என்று காட்டுபவை இவை. சிறு பகுதியில் முதலில் எஃப், பின்னர் ஜி. தாய்ச்செல்லில் முதலில் இ, பின்னர் கே. ஒரு பகுதியின் காரணி மற்றதன் காரணியைத் தட்டியெழுப்புவதால் இரண்டும் காலம் தவறாமல் இணைந்து நடக்கின்றன.

பி.டி.ஐ.யின் நச்சு மரபணுக்கள், ஏறத்தாழ 1,28,000 இணைகள் கொண்ட பிளாஸ்மிட் என்னும் தனி வளைய டி.என்.ஏ.வில் அமைந்திருந்தும், அவற்றின் படியெடுப்பு தாய்ச்செல்லின் சிக்மா காரணிகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது. வித்து முற்றியதும் தாய்ச்செல் சிதைந்து, வித்தும் படிகமும் வெளியேறுகின்றன. புழு விழுங்கிய படிகம் அதன் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது.

தேங்கிய நீரில் இச்சுழற்சி போதிய அளவு மீண்டும் நிகழ்வதில்லை. படிகங்களும் அடியில் படிந்து வீரியம் இழக்கின்றன. ஆகவே மருந்தைக் குறுகிய இடைவெளியில் திரும்பத் தெளிக்க வேண்டும். வீட்டுத் தொட்டிகளையும் கிணறுகளையும் மூடி வைக்கவும் வேண்டும்.