மெனிக்பாமில் மூச்சு எண்ணியவர்கள்

2009 ஆகஸ்ட் நடுப்பகுதியில் செட்டிகுளத்தில் மழை கொட்டியது. போரில் முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சனம், மெனிக்பாம் முகாமின் தறப்பாள்களுக்குள் வெள்ளத்தில் நின்றது. கம்பி வேலிக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஈர விறகுப் புகை, வழிந்தோடும் மலக்குழி, காயாத துணி. இரவானால் ஒரு கூடாரத்தில் தொடங்கும் இருமல் வரிசை முழுக்கப் பரவும்.

மருத்துவக் கொட்டிலில் நான் உதவிக்கு நின்றேன். ஒரு அம்மம்மா பேரனைச் சேலைத் தலைப்பால் மூடியபடி வந்தார். பத்து மாதப் பிள்ளை. தாய் மாத்தளனில் செல்லடியில் போய்விட்டாள். "தடிமன் எண்டுதான் இருந்தனான் பிள்ளை. ராத்திரி தொடக்கம் பாலே குடிக்கிறான் இல்லை."

தாதி சட்டையை உயர்த்தினார். எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். அறுபதைத் தாண்டியது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. "நியூமோனியா" என்றார்.

சேற்றில் ஓடினோம், முகாம் வாசலில் கெஞ்சினோம், பெயர் பதிந்தோம், அம்புலன்ஸ் சில்லுப் புதைந்தது, தள்ளினோம், போனது.

பேரன் தப்பினான். அடுத்த வரிசைப் பிள்ளையை உதடு நீலம் பாரித்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். அந்தத் தாய் அழவில்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தான்களைத் திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டே இருந்தாள். அந்த விரல்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

தடிமன் மூக்கோடும் தொண்டையோடும் நிற்கும். நியூமோனியா வந்தால் நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றறைகளில் சீழும் நீரும் நிறையும். ஒட்சிசன் போதாமல் உடம்பு மூச்சை விரட்டும். பசியில் வாடிய பிள்ளைகளுக்கு, நெரிசலிலும் புகையிலும், அதைத் தாங்கப் பலம் இருக்கவில்லை. செல்லுக்குத் தப்பியவர்களை இது கொண்டுபோனதைத்தான் என்னால் ஆற்ற முடியவில்லை.

மெனிக்பாமை 2012 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். இப்போதும் அயலில் ஒரு பிள்ளை இருமினால் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

நீங்களும் பாருங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைக் கழற்றி, ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த அளவை எட்டினாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.