செங் சாலையில் உருமிச் சத்தம்

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் சாலையோரம் நின்றிருந்தேன். மலாக்கா செட்டிகள் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து இரதம் வந்து சேரும் இடம் அது.

காவடிகளுக்கு முன்னால் ஓர் உருமி மேளக் குழு. வெளியில் யாருக்கும் தெரியாத குழு. பத்துப் பதினைந்து பையன்கள். சட்டை முதுகில் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயர். எனக்குத் தெரிந்த தோட்டம். லயங்களை இடித்துப் பல வருடமாகிறது. பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை.

"தோட்டமே இல்லையே தம்பி, பேரு மட்டும் எதுக்கு?"

"தாத்தா அங்கதான் தப்படிச்சாரு அங்கிள். இப்ப தாமான்ல இருக்கோம். பழகினா சத்தம்னு திட்டுறாங்க. அதனால ராத்திரியில செம்பனைக்குள்ள போயிடுவோம்."

வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்தான். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல். தவிலும் சேர்ந்தது. பக்கத்தில் நின்ற பாட்டிக்கு அருள் வந்துவிட்டது.

உருமிப் பையன்கள் என்றாலே முகம் சுளிப்பவர்களில் நானும் ஒருவன். கோயில் ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு அடிப்பது இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று என்னவோ அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

தோட்டத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறதாம். திருவிழாவுக்கு இவர்கள்தான் மேளம். தேதி கேட்டு வைத்திருக்கிறேன்.