மின்விசிறியின் நிழலும் ஆசிரியரின் முகமும்

2004-ஆம் ஆண்டு. முதுகலை இரண்டாமாண்டில் பயின்றுகொண்டிருந்தோம். எங்கள் பேராசிரியர் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் நன்னூலின் எண்வகைப் பொருள்கோள் குறித்து இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார். நண்பன் ஒருவன் இரவல் வாங்கி வந்த மினிடிவி கேமராவில் அதை இரண்டு நாடாக்களாகப் பதிவு செய்தோம். அவை என் அலமாரியில் உறங்கிக் கிடந்தன. ஆசிரியர் 2019-இல் மறைந்தார். சென்ற ஆண்டு அவர்தம் மகள் கேட்ட பிறகுதான் நாடாக்களைத் தேடி எடுத்தேன்.

பழைய கணினி ஒன்றின் ஃபயர்வயர் இணைப்பு வழியே முதல் நாடாவை வன்தட்டில் இறக்கினேன். ஒரு மணி நேரப் பதிவு 13 ஜிபி இடத்தை விழுங்கிற்று. தொகுப்பு மென்பொருளில் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியதும் ஒரு பெட்டி விரிந்தது. கோடெக், பிட்ரேட், கீஃப்ரேம், ப்ரீசெட். காரிகைச் சூத்திரங்களை முதன்முதலாகக் காணும் மாணவன் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தேன். பிறகு, மாணவர்கள் செய்வதையே செய்தேன். புரியாதவற்றை விட்டுவிட்டு, புரிந்த ஒன்றில் மட்டும் கை வைத்தேன். பிட்ரேட் குறைந்தால் கோப்பு சிறிதாகும் என்பது தெரியும். வினாடிக்கு 1 மெகாபிட் என்று இட்டேன். 450 எம்பி அளவில் கோப்பு கிடைத்தது. மகிழ்ச்சியோடு மூலக்கோப்பை அழித்துவிட்டு, சிறிய கோப்பை அவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "அண்ணே, அப்பா அப்ப இவ்வளவு மெலிஞ்சா இருந்தாங்க? முகமும் சரியாத் தெரியலையே."

ஆசிரியர் அந்நாளில் நல்ல உடற்கட்டு உடையவர். நோயில் மெலிந்தது கடைசி ஆண்டில்தான். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதன் பின்னரே அப்பெட்டியில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகப் படிக்கலானேன்.

மெலிவுக்குக் காரணம் எளியது. நம் நாட்டில் புழங்கிய பால் முறையில் டிவி நாடாவின் ஒரு சட்டகம் 720க்கு 576 புள்ளிகள். ஆனால் அப்புள்ளிகள் சதுரமானவை அல்ல, சற்றே அகன்றவை. அவற்றைச் சதுரமெனக் கொண்டால் ஆள் ஒடுங்கிவிடுவார். சதுரப் புள்ளிகளில் காட்டுவதானால் அகலம் 768 வேண்டும். இப்பிழையைப் படத்தைத் தொடாமலே, கோப்பின் விகிதக் குறிப்பை மாற்றித் திருத்திவிடலாம். திருத்தினேன்.

முகம்தான் திருந்தவில்லை. டிவி நாடாவில் ஒவ்வொரு சட்டகமும் முத்தகச் செய்யுள் போல. தன்னளவில் முழுமை உடையது. எச்.264 முறையிலோ எப்போதாவது ஒரு சட்டகமே முழுமையாக எழுதப்படும். அதுவே கீஃப்ரேம். ஏனையவை, "முன்னதைப் போலவே; மாறியது இவ்வளவே" என்று குறிப்பவை. இரு பக்கத்துச் சட்டகங்களிலிருந்தும் பொருள் பெறும் பி-சட்டகம் என்று ஒன்று உண்டு. படித்தபோது தாப்பிசைப் பொருள்கோள் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். தாப்பிசையில் இடையில் நிற்கும் சொல் இருபுறமும் சென்று பொருள் தரும். இங்கே இடையில் நிற்பது இருபுறமும் வாங்கிக்கொள்கிறது.

மாற்றம் மிகுந்தால் செலவும் மிகும். எங்கள் வகுப்பறையில் விளக்கொளி மங்கல். படம் முழுதும் துகள்கள் நெளிந்தன. ஆசிரியருக்குப் பின்னே சுவரில் மின்விசிறியின் நிழல் சுழன்றுகொண்டே இருந்தது. நான் அளந்து கொடுத்த ஒரு மெகாபிட்டை நிழலும் துகளும் பங்குபோட்டுக்கொள்ள, எஞ்சியதே அவர் முகத்துக்குக் கிடைத்தது. அசையும் விரல்களில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் வேறு. வினாடிக்கு 25 சட்டகம் என்றாலும், ஒவ்வொன்றும் ஐம்பதில் ஒரு வினாடி இடைவெளியில் எடுத்த இரு பாதிகளின் பின்னல். அதைப் பிரிக்காமல் அப்படியே அழுத்திவிட்டிருந்தேன்.

அளவை முன்கூட்டியே விதிக்காமல் தரத்தை விதிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. எக்ஸ்264 என்கோடரில் அதற்கு சிஆர்எஃப் என்று பெயர். வழக்கமாகக் கையாளும் எண்கள் 0 முதல் 51 வரை. குறையக் குறையத் தரம் உயரும். ஒன்றும் சொல்லாவிட்டால் 23. ஆறு கூட்டினால் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும். இந்த முறையில் எந்தக் காட்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை என்கோடரே செலவிடும். ப்ரீசெட்டில் 'ஸ்லோ' என்பதைப் படம் மெதுவாக ஓடும் என்று நான் எண்ணியிருந்தேன் (சிரிக்க வேண்டாம்). கணினி கூடுதல் நேரம் எடுத்துச் சிக்கனமாக எழுதும் என்பதே அதன் பொருள்.

இவ்வளவும் கற்று, முதல் நாடாவை மீண்டும் இறக்கலாம் என்று கேமராவில் இட்டேன். உள்ளே சிக்கிச் சுருண்டு, கசங்கி, அறுந்தே வெளிவந்தது.

கேமராவைப் பழுது பார்த்த பின் இரண்டாம் நாடா ஒருவாறு தப்பியது. பின்னலைப் பிரித்து வினாடிக்கு 50 சட்டகமாக்கி, சிஆர்எஃப் 18 என வைத்து, இரவெல்லாம் ஓடவிட்டேன். ஏறக்குறைய 2 ஜிபி வந்தது. இம்முறை மூலத்தை அழிக்கவில்லை; இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாடா தாப்பிசையில் தொடங்குகிறது. ஆசிரியர் கையை ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டுகிறார், மோதிரம்கூடத் தெரிகிறது. முதல் நாடா விற்பூட்டோடு முடிகிறது. வில்லின் இரு முனைகளையும் நாணால் இழுத்துக் கட்டுவதுபோல் இரு கைகளையும் அவர் உயர்த்தும் இடத்தில், கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம் மட்டுமே இருக்கிறது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. இரண்டையும் அவர் மகளுக்கு அனுப்பிவிட்டேன். முதல் நாடாவுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் எழுதினேன்.