பிளக் பாயிண்ட் உயரம்

வீடு வாங்கி ஏமாந்துவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புரோக்கர் மறைத்துவிட்டார், விற்றவர் வாயே திறக்கவில்லை என்று கூடவே இரண்டு வசவும் சேர்ப்பேன். அது பொய். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

2018 சித்திரை வெயிலில்தான் முடிச்சூர் பக்கம் அந்தத் தனி வீட்டைப் பார்க்கப் போனோம். அதற்கு முந்தின தை மாதம் என் சகலை கிரகப்பிரவேசம் நடத்தியிருந்தார். பந்தியில் என் இலையில் அவரே ஒரு ஜாங்கிரியை வைத்து, "நீங்களும் சீக்கிரம் ஒண்ணு பாருங்க" என்றார். பதினாலு வருஷம் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது வராத அவசரம் அந்த ஜாங்கிரியில் வந்தது.

கிழக்குப் பார்த்த வாசல். போர் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. புதுப் பெயிண்ட் வாசனை. ஒரு பத்திரத்தைக்கூடப் பார்க்காமல் அங்கேயே ஐம்பதாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன்.

பணம் கை மாறிய பிறகுதான் மனைவி கேட்டாள்: "ஏங்க, பிளக் பாயிண்ட் எல்லாம் ஏன் நெஞ்சு உயரத்துல இருக்கு?"

பார்த்தேன். ஹால், படுக்கையறை, ஃபிரிட்ஜ் வைக்கிற மூலை, எங்கும் அப்படித்தான். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பழைய பெட்டிகள் இருந்த இடங்களைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். மேலே பெயிண்ட் அடித்தும் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் அவசரமாக, "சின்னப் பசங்க கை வச்சிடுவாங்கன்னு மாத்தினோம்மா" என்றார். அவர் தலைக்கு மேலேயே, அவருடைய இரண்டு பிள்ளைகளும் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்குகிற போட்டோ மாட்டியிருந்தது. நான் போட்டோவையும் பார்த்தேன், சிமென்ட் சதுரத்தையும் பார்த்தேன். "நல்ல யோசனைதான்" என்று சொன்னது நான்.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்ததை டிவியில் பார்க்காதவனா நான்? படகில் ஆட்களை ஏற்றியதைப் பார்த்து உச்சுக் கொட்டியவன்தான். பக்கத்து வீட்டு மதிலில் பழுப்பாக ஒரு கோடு ஓடியதும் கண்ணில் பட்டது. தெருமுனை டீக்கடையில் நின்று, "அண்ணே, இந்தத் தெருவுல..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "...தாம்பரத்துக்கு பஸ் எத்தனை மணி வரைக்கும் இருக்கு?" என்று முடித்தேன். கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் வாங்க முடியாது. சகலையிடம் வேறு சொல்லியாகிவிட்டது.

அதற்குப் பிறகு காகிதங்களை மட்டும் ஒரு குறை வைக்காமல் பார்த்தேன். மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வரைபட அனுமதி எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டினேன். எல்லாம் சுத்தம் என்றார். உண்மைதான். வில்லங்கச் சான்றிதழில் மனுஷன் வைத்த வில்லங்கம்தான் வரும், மழை வைத்த வில்லங்கம் வராது. அது தெரிய ஒரு ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் போய் நின்றிருக்க வேண்டும். நான் ஐப்பசி வரை பொறுக்கவில்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் கட்டி வைகாசியிலேயே பதிவை முடித்தேன்.

ஐந்து வருஷம் தப்பித்தோம். 2023 டிசம்பர் 3 ராத்திரி, மிக்ஜாம் புயல் மழை. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று கோணிப்பைகளை அடுக்கிக் காத்திருந்தேன். அது பாத்ரூம் ஓட்டை வழியாகக் களக் களக்கென்று மேலே வந்தது. விடிவதற்குள் தொடை உயரம். காலி கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து சமையலறைக் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பிளக் பாயிண்டுக்கு இரண்டு சாண் கீழே நின்றிருந்தது தண்ணீர்.

"சின்னப் பசங்க கை வைக்கலை, பார்த்தீங்களா" என்றாள் மனைவி. இன்றுவரை அதைப் பற்றி அவள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

இதோடு முடிந்திருந்தால் என் முட்டாள்தனம் என்று போயிருக்கும். போன மாசி மாதம் எதிர் வீட்டைப் பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். பையன் நேராக என் கேட்டுக்கு வந்து, நான் டீக்கடையில் விழுங்கிய கேள்வியை முழுசாகக் கேட்டான்: "அங்கிள், இந்தத் தெருவுல மழைக்குத் தண்ணி வருமா?"

எதிர் வீடு நல்ல விலைக்குப் போனால்தான் நாளைக்கு என் வீடும் போகும். அந்தக் கணக்கு மனசில் ஓடி முடிய ஒரு நொடிகூட ஆகவில்லை. "எப்பவோ ஒரு தடவை. இப்பதான் கால்வாய் எல்லாம் போட்டுட்டாங்களே" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பங்குனி தாண்டிச் சித்திரையில் பால் காய்ச்சினார்கள். கூப்பிட்டார்கள், போனேன். அந்தப் பெண்ணே டம்ளரில் பால் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். அந்த ஹாலில் பிளக் பாயிண்டுகள் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன. ஐப்பசிக்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். நடுவில் இருப்பது இருபது அடித் தெருதான். இன்னும் தாண்டவில்லை.