மோகினி கேட்டது

எண்பதுகளின் தொடக்கத்தில், இரவுப்பணி முடிந்ததும் பத்திரிகைக் காரியாலய வாகனத்திலேயே கொழும்பிலிருந்து வத்தளைக்குத் திரும்புவேன். களனி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாரதி மௌனமாகிவிடுவார். என்னைவிட வயதில் மிக மூத்தவர். நீர்கொழும்பு வீதியோரத்தில் நள்ளிரவில் வெள்ளைச் சேலையுடன், கைக்குழந்தையை ஏந்தி மோகினி நிற்பாள் என்பது அவரது நம்பிக்கை.

"நிப்பாட்டினால், பிள்ளையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லுவாள். அதோட சரி, தம்பி."

பிரசவத்தில் இறந்தவளே மோகினியாகிறாள் என்று சிறுவயதில் நானும் கேட்டிருக்கிறேன். மலாய் மக்களின் பொந்தியானாக்கும் அத்தகையவளே. 1957இல் சிங்கப்பூரில் அவளைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

இக்கதைகள் வெறுங்கற்பனையில் பிறந்தவையல்ல. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். அதாவது, ஐம்பது பிரசவங்களுக்கு ஒருத்தி. மலேரியா கட்டுப்பட்டது, பயிற்சி பெற்ற மருத்துவ மாதுக்கள் கிராமங்களுக்குச் சென்றார்கள், இலவச மருத்துவம் வந்தது. 2020ஆம் ஆண்டளவில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 30 ஆகக் குறைந்திருந்தது. ஆனால், காப்பாற்றப்படாமல் இறந்தவளை நாம் பிசாசாகவே நினைவில் வைத்துக்கொண்டோம்.

நமது திரைப்படங்களும் இதையே செய்தன. 2005இல் வெளியான 'சந்திரமுகி'யை எண்ணிப் பாருங்கள். வேட்டையன் என்னும் அரசன் அவளது காதலனைக் கொல்கிறான். அவளை உயிரோடு எரிக்கிறான். ஆயினும் அரண்மனையில் எல்லோரும் அஞ்சுவது அவளுக்குத்தான். வேட்டையனாக ரஜினிகாந்த் தோன்றியபோது அரங்கில் விசில் பறந்தது. நானும் சிரித்து இரசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதி சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அவளது சினமே படம் முழுவதும் பயங்கரமாகிறது. பெண்பேய்ப் படங்கள் பலவற்றின் இலக்கணம் இதுதான்.

அன்றொருநாள் சாரதியிடம் விளையாட்டாகக் கேட்டேன்: "அண்ணை, அவள் ஏன் பிள்ளையைப் பிடிக்கச் சொல்லுறாள்?"

வெகுநேரம் அவர் பேசவில்லை. வத்தளைச் சந்தியில் நான் இறங்கும்போதுதான் சொன்னார்:

"நான் பிறந்த அண்டைக்கே அம்மா செத்துப்போனா, தம்பி. அப்ப என்னை ஆர் கையில வாங்கினதோ தெரியாது."

அதன்பின் அவரிடம் நான் மோகினியைப் பற்றிப் பேசியதில்லை. அவரும் அவ்விடத்தில் வாகனத்தை நிறுத்தியதில்லை. ஆனால், சற்று மெதுவாகவே செலுத்துவார்.