செவுளைத் தூக்கிப் பாருங்க

நோயினின்று தேறிவந்த அன்னைக்கு அயிலை மீன் வாங்கக் குமரிக் கடலோரச் சந்தைக்கு நாம் சென்றிருந்தோம். யாருக்கென்று கேட்டறிந்த மீன்கார அம்மையார் நம் கையைத் தடுத்தார்.

“செவுளத் தூக்கிப் பாருங்க சாமி. செவப்பா இருந்தா நல்ல மீன். பழுப்பா இருந்தா வேண்டாம். இது வெயில்ல கெடந்தது. கொழம்பு வச்சாலும் ஒடம்பு தடிக்கும். அம்மாவுக்குக் குடுக்காதீங்க.”

குளிரூட்டாத அயிலையில் ஹிஸ்டமின் பெருகும், கொதித்தாலும் அழியாது எனப் பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். அம்மையாரோ அதைப் பட்டறிவால் அறிந்திருந்தார். பாதி மீன் விற்காது கிடந்தும் உண்மையை உரைத்துக் கூடையை மூடினார்.

பேரம் பேசக் காத்திருந்த நாம் நாணினோம். பிறர் அன்னையைத் தம் அன்னையாய்க் கருதிய அந்நெஞ்சின் முன், நம் மறையுரைகள் பல எடை குறைந்தே தோன்றின.