சனிக்கிழமை லேப்

எங்கள் காலேஜ் லேபில் ஒரு கிப்ஸ் அப்பரேட்டஸ் இருந்தது. சால்ட் அனாலிசிஸ் நாளில் ஹைட்ரஜன் சல்பைடு வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும். அதோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் ஆள் உட்காராது. 1980களின் பாலாற்றங்கரை, தோல் பதனிடும் ஷாப் நாற்றத்திலேயே வளர்ந்த ஜனங்களே மூக்கைப் பொத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கெமிஸ்ட்ரி சாருக்கு அந்த சால்ட்டின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "டப்பாவுல என்ன இருக்குன்னு அட்டெண்டருக்கே தெரியும். யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிங்கடா" என்பார். பி.எஸ்சி. பையன்களுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். சிலபஸில் புராஜெக்ட் இல்லை, மார்க்கும் இல்லை. விருப்பமிருந்தால் சனிக்கிழமை மதியம் வரலாம், அவ்வளவுதான்.

கையில் காலி பாட்டில்களோடு கிணறு கிணறாக அனுப்புவார். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு போடுவார்கள். ஷாப்பில் ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியேறி நிலத்தில் இறங்கும். அதைத்தான் அளந்தோம். கிணற்றுத் தண்ணீரில் துளி பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட் இறங்க இறங்க, திரிந்த பால் மாதிரி வெள்ளை வீழ்படிவு. செங்கல் நிறம் தட்டினால் எண்ட் பாயிண்ட். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. சில கிணறுகளில் பியூரெட்டை மறுபடி மறுபடி நிரப்பியும் நிறம் மாறாது. பத்து மடங்கு நீர்க்கச் செய்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

சில்வர் நைட்ரேட் விலை அதிகம். பிரின்சிபாலிடம் கேட்டு வாங்கும் தைரியம் சாருக்கு இல்லை, அல்லது சுயமரியாதை விடவில்லை. டைட்ரேஷன் கழிவை ஒரு சொட்டு கொட்ட விடமாட்டார். ஜாடியில் சேர்த்துவைத்து, துத்தநாகமும் அமிலமும் போட்டு வெள்ளியை மீட்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து மறுபடி சில்வர் நைட்ரேட் ஆக்கிவிடுவார். எந்த வகுப்பிலும் கற்காத கெமிஸ்ட்ரியை அந்த ஜாடியில் கற்றோம். விரல் நுனிக் கறுப்பு திங்கட்கிழமை வரை போகாது. அது எங்களுக்குப் பெருமை.

1996இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது சார் ரிட்டயராகியிருந்தார். இன்று அந்த லேபில் கிப்ஸ் இல்லை, ஜாடியும் இல்லை. புராஜெக்டுக்கு மார்க் உண்டு. ரிப்போர்ட் ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதாம்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் கெமிஸ்ட்ரியில் பிழைத்தவர்கள் குறைவு. பேங்க், ரயில்வே என்று போனார்கள். ஒருவன் தோல் மண்டியே வைத்தான். தன் நிலத்தில் போர் போட்டதும் முதல் வேலையாகத் தண்ணீரை டெஸ்டுக்கு அனுப்பினானாம். ரிசல்ட்டை நம்பாமல் இன்னொரு லேபுக்கும் அனுப்பினானாம்.